சட்டைப்பையில் இருந்த கண்

"அப்பா, வலது பக்கம். ரோஸ் கலர் புடவை. போளூர் பாட்டி."

"வாங்க சித்தி, வாங்க. பஸ்ல கூட்டமா?"

"அவங்களுக்குப் பின்னாடி வழுக்கை. வெள்ளைச் சட்டை. உங்க காலேஜ் கெமிஸ்ட்ரி சார்."

"வாங்க சார். நீங்க வராம விசேஷமா?"

"அப்பா, அவர் இன்னும் செருப்புதான் கழட்டிட்டு இருக்காரு. கொஞ்சம் பொறுங்க."

என் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தவள் என் மகள் நித்யா. அன்று அவளுக்கு வளைகாப்பு. கூடத்தில் மணையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குள் கைபேசி. நான் வேங்கிக்கால் வீட்டின் வாசல்படியில் நின்றிருந்தேன். என் சட்டைப்பையில் இன்னொரு கைபேசி, கேமரா மட்டும் பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி. வாசலில் யார் வந்தாலும் வீடியோ அழைப்பில் அவளுக்குத் தெரியும். அவள் சொல்வாள், நான் வரவேற்பேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவள் சொல்வது அவளுடைய உறவுமுறை. அவளுக்குப் பாட்டி எனக்குச் சித்தி. அவளுக்கு அத்தான் எனக்கு மருமகன். நொடிக்குள் கணக்குப் போட்டு மாற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி வசந்தாவின் தம்பி வந்தபோது "மாமா வராரு" என்றாள். "வாங்க மாமா" என்று கும்பிட்டுவிட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். முப்பது வருஷமாக எதிர்பார்த்திருந்த மரியாதை கிடைத்துவிட்ட மாதிரி அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான் என்று நித்யா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நானும் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு உற்சாகம். வந்தவர் முகம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒருவரையும் தவறவிடவில்லை.

காது மிஷின்

தாசில்தார் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் என் காதில் மாட்டியிருந்த கருவியையே பார்த்தாராம்.

"இன்னா சார், காது மிஷினா?"

ஒரு நொடி யோசித்தேன். "ஆமாங்க. காதுதான்."

"எனக்கும் வலது பக்கம் கம்மிதான்" என்று என் காதருகே வந்து கத்தினார். அதோடு விடவில்லை. உள்ளே போய் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அதன்பின் வந்தவர்களும் உள்ளே இருந்து வந்தவர்களும் என்னிடம் ஏலம் போடுகிற மாதிரிதான் பேசினார்கள். ஒரு காதில் நித்யா, மறு காதில் ஊர். தலை கிறுகிறுத்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? செவிடன் என்று நினைத்தால் பரவாயில்லை, கண் தெரியாதவன் என்று மட்டும் தெரியக்கூடாது. அவ்வளவுதான் காரணம். முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். அதிலும் ஒளியியல். வருஷா வருஷம் கரும்பலகையில் கண்ணின் படம் வரைந்து, விழித்திரையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, "இதுதான் மஞ்சள் புள்ளி. எழுத்து, முகம் எல்லாம் இதை வைத்துத்தான் பார்க்கிறோம்" என்று சொன்னவன். அந்தப் புள்ளிதான் எனக்குப் போய்விட்டது. இதை ஊரில் பாதிப் பேராக இருக்கும் என் பழைய மாணவர்களிடம் எப்படிச் சொல்வது?

உச்சி இல்லாத மலை

முதலில் காணாமல் போனது எங்கள் ஊர் மலையின் உச்சிதான்.

போன வருஷம், அக்கினி நட்சத்திரம். காலையில் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்தேன். இரண்டு பக்கச் சரிவும் இருந்தன, உச்சி இல்லை. மேகம் என்று நினைத்தேன். மறுநாளும் மேகம். வாரம் முழுக்க மேகம்.

"இந்த வெயில்ல எப்படி மேகம் நிக்குது பாரு" என்று வசந்தாவிடம் சொன்னேன்.

"எங்க மேகம்?" என்றாள் அவள்.

நான் பேச்சை மாற்றினேன்.

நடுவில் ஓட்டை விழுந்தால் அங்கே கறுப்பாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூளை நல்ல தையற்காரன். கிழிந்த இடத்தில் பக்கத்தில் இருக்கிற துணியை எடுத்து ஒட்டுப்போட்டுவிடும். மலையைச் சுற்றி வானம் இருந்ததால் உச்சியிலும் வானம். செய்தித்தாளில் எழுத்து இருக்கும் இடத்தில் வெறும் காகிதம். மனிதர் முகம் இருக்கும் இடத்தில் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர்.

வகுப்பில் குருட்டுப் புள்ளிக்குச் சோதனை காட்டும்போது ஒரு மாணவி கேட்டாள், "சார், மறைஞ்சு போனது எங்க போச்சு?" பரீட்சையில் அது வராது என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா நின்ற இடம்

இந்த வேங்கிக்கால் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது தை மாதத்தில். தெருவை அடைத்து ஷாமியானா. நான் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றேன். அன்று காதில் யாரும் இல்லை. குரலை வைத்தும் நடையை வைத்தும் ஊகித்துச் சமாளித்தேன். முன்கூட்டியே சிரித்து வைத்துக்கொண்டேன்.

என் அக்கா சரோஜா கீழ்பென்னாத்தூரில் இருந்து வந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பயிர் செய்கிறவள். ஊருக்கே கேட்கும் குரல். ஆனால் விசேஷ வீட்டு வாசலில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். வீட்டுக்காரர் "வா" என்று சொல்லும்வரை படி ஏறாமல் நிற்பாள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் அப்படித்தான். அழைப்பிதழ் ஆயிரம் கொடுத்திருந்தாலும் வாசலில் அந்த ஒரு சொல் வராவிட்டால் வந்ததாகவே கணக்கில்லை.

அவள் எனக்கு நேர் எதிரே நின்றிருக்கிறாள். நான் அவளை நேராகப் பார்த்திருக்கிறேன். நேராகப் பார்த்ததுதான் வினை. அக்கா நின்ற இடத்தில் என் மூளை ஷாமியானாத் துணியைத் தைத்துவிட்டது. அவளுக்குப் பின்னால் வந்த யாரோ "வணக்கம் சார்" என்றார். நான் அக்காவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, "வாங்க வாங்க" என்று பல்லைக் காட்டினேன்.

அவள் சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டாள். பந்தி முடிந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். "எனக்குக் கண் சரியாகத் தெரியல" என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது வேறு. "வசந்தாகிட்ட உன்னைப் பாத்துக்கச் சொல்லி இருந்தேங்கா. அவ எங்கயோ போயிட்டா."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு திருப்பி எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

அதன்பின் வசந்தா போன் செய்தால் அக்கா எடுப்பதே இல்லை. "அண்ணிக்கு என் மேல இன்னா கோபம்னே தெரியலீங்க" என்று வசந்தா என்னிடமே வந்து கேட்பாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தின் முன் பிடித்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

வேட்டவலம் பஸ்

பங்குனியில் ஒருநாள், நேரில் போய் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பேருந்து நிலையம் போனேன். பலகை படிக்க முடியவில்லை. "இது எங்கப்பா போவுது?" என்று ஒருவரைக் கேட்கலாம். படித்தவன் கேட்கலாமா? பச்சையாக இருந்த ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நடத்துநரிடம் கம்பீரமாகக் "கீழ்பென்னாத்தூர்" என்றேன்.

"பெரியவரே, இது வேட்டவலம் போற வண்டி."

"தெரியும்" என்றேன்.

எதற்காகத் தெரியும் என்று சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேட்டவலம்வரை போனேன். அங்கே ஒரு டீக்கடை வாசலில் நின்று, எனக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் சென்னையில் இருந்த நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"நித்யா, எனக்குக் கண்ணு தெரியலம்மா. வேட்டவலத்துல இருக்கேன்."

"வேட்டவலத்துல தெரியலையா, எங்கயுமே தெரியலையா?" என்றாள்.

வேலூரில் மருத்துவரைப் பார்த்தோம். ஓரப் பார்வை இருக்கும், நடுப்பார்வை போனது போனதுதான் என்றார். வசந்தாவும் நித்யாவும் என்னைத் திட்டவில்லை. உறவுக்காரர்களுக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் நான் சொன்ன பொய்யை மட்டும் அவர்களிடமும் சொல்லவில்லை.

பெட்டி வந்தது

சித்திரையில் நித்யா ஒரு பெட்டி அனுப்பினாள். அன்றிலிருந்து எங்கள் வீடு திருவிழாக் கடைவீதி ஆகிவிட்டது.

முதலில் பேசும் கைக்கடிகாரம். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் மணி சொல்வாள். அதில் ஒரு அலாரமும் உண்டு, சேவல் கூவுவது போல. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் செங்கம் ரோட்டில் ஒரு தியானக் கூடத்துக்குப் போய்விட்டேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கிறார்கள். என் மணிக்கட்டில் சேவல் கூவியது. அமுக்கப் பார்த்தேன், மணியையும் சொல்லி மறுபடி கூவியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி தோள் குலுங்கச் சிரித்தார். வெளியே வந்தபின், அத்தனை நாளில் அன்றுதான் மனம் லேசானது என்று சொல்லி எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்தது, தம்ளரின் விளிம்பில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி. காபி அதன் கால்களைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். நிரம்பிவிட்டது என்று அர்த்தம். "காபி ஊத்தினா ஆம்புலன்ஸ் வருதுங்க" என்றாள் வசந்தா.

பிறகு, பொத்தான்களின் மேல் ஒட்டுவதற்குப் புடைப்பான ஒட்டுகள். விரலால் தடவி எது எது என்று கண்டுபிடிக்கலாம். அவை இரண்டு நாளில் தீர்ந்துவிட்டன. வசந்தா தன் கல் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். மிக்சி சுவிட்சுக்குச் சிவப்புக் கல். டிவி ரிமோட்டுக்குப் பச்சைக் கல். கேஸ் அடுப்பில் தீ குறையும் இடத்தில் ஒரு முத்து. எங்கள் மிக்சி இப்போது கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது. சிலிண்டர் போட வந்தவர் அடுப்பைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தேங்காய் எண்ணெய்ச் சீசாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, வலித் தைலத்துக்கு இரண்டு. இந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சந்தலையில் தைலத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டேன். மதியம்வரை தலை தனியாக ஜில்லென்று எங்கோ போய்க்கொண்டிருந்தது.

சோறு வெள்ளை, தட்டும் வெள்ளை என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே கறுப்புத் தட்டு. எழுதுவதற்குக் கைபேசி. இந்தக் கதையையே நான் வாயால் சொல்ல, அது எழுதுகிறது. வசந்தா படித்துத் திருத்துகிறாள். ஆகவே அவளைப் பற்றி நான் இதில் தவறாக எதுவும் எழுத முடியாது.

பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு வெள்ளைக் கோல் இருந்தது. அதை பீரோவின் மேலே தூக்கிப் போட்டேன். அது கீழே இறங்கி என் கைக்கு வந்தது வளைகாப்புக்குப் பிறகுதான்.

அரக்குப் புடவை

எங்கள் குடும்பத்தில் வளைகாப்பின் முதல் வளையலை அத்தைதான் போட வேண்டும். நித்யாவுக்கு ஒரே அத்தை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளே கீழ்பென்னாத்தூர் போய்த் தட்டு வைத்து அழைத்தாள். "உனக்காக வரேன். உங்கப்பனுக்காக இல்ல. உங்கம்மாவுக்காகவும் இல்ல" என்றாளாம் அக்கா. வாசலில் மறுபடியும் தப்பு நடந்தால் வளையலும் இல்லை, அக்காவும் இல்லை. அதற்காகத்தான் சட்டைப்பையில் கேமரா.

"அப்பா, ஆட்டோ வந்துடுச்சு. அத்தைதான். அரக்குப் புடவை. கையில தட்டு. உங்களப் பாத்துட்டே வராங்க. படிகிட்ட நின்னுட்டாங்க. இப்ப சொல்லுங்க."

"வாக்கா, வா வா. வெயில்ல வரியே. அரக்குப் புடவை உனக்கு எடுப்பா இருக்குது."

புடவையைச் சேர்த்தது என் சொந்தச் சரக்கு. வெற்றி தலைக்கேறியிருந்தது.

அக்கா படி ஏறவில்லை.

"கலரு கூடத் தெரியுது" என்றாள்.

நான் சட்டைப்பையை நேராக்கிக்கொண்டேன்.

"இன்னாடா சேகரு, இன்னைக்கு மட்டும் கண்ணு தொறந்துகிச்சா? இதே படி. இதே மாதிரி நேரா நின்னேன். என் தலைக்கு மேல கையை வுட்டு எவனையோ கூப்பிட்டியே. அன்னைக்கு இன்னா, நான் சாயம் போன புடவை கட்டியிருந்தேனா?"

என் சாமர்த்தியமே எனக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது. இன்று தெரிகிறது என்றால் அன்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அவமதித்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு வசந்தா வெளியே வந்தாள். "வாங்க அண்ணி" என்றாள்.

"நீயும் சொல்லு வசந்தா. என்னைப் பாத்துக்கச் சொல்லி இவன் சொல்லியிருந்தானாமே. எங்க போயிருந்த நீ?"

"யார் சொன்னாங்க அண்ணி?"

"இவன்தான். அன்னைக்கே போன்ல சொன்னான்."

வசந்தாவின் முகம் எனக்குத் தெரியாது. காதுக்குள் நித்யா மெதுவாகச் சொன்னாள், "அப்பா, அப்படியா சொன்னீங்க?" பிறகு, "சொல்லிடுங்கப்பா."

கருவியைக் காதிலிருந்து எடுத்து அணைத்தேன். சட்டைப்பையில் இருந்த கைபேசியை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

"எனக்குக் கண்ணு தெரியலக்கா. போன வருஷத்துல இருந்தே. உன் புடவை எனக்குத் தெரியாது. உன் முகமும் தெரியல. நித்யா உள்ளேருந்து இதுல பாத்துச் சொல்றா, நான் கூப்பிடறேன். அன்னைக்கு நீ நின்னது நிஜமாவே தெரியல. வசந்தாகிட்ட நான் எதுவும் சொல்லவும் இல்ல. அவ மேல போட்டது பொய்."

பக்கத்து வீட்டுக்காரர் குழம்பிப் போனார். "சாருக்குக் காதுதானே?" என்று கத்தினார்.

"காது நல்லா கேக்குதுங்க. கண்ணுதான்."

"காதுன்னீங்களே."

"அதுவும் பொய்தாங்க."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அக்கா கைபேசியை வாங்கிப் பார்த்தாள். அதிலிருந்து நித்யாவின் குரல் வந்தது. "அத்தை, அரக்குப் புடவைனு நான்தான் சொன்னேன். எடுப்பா இருக்குனு நான் சொல்லல."

"ஏன்டி, மணையில உக்காரச் சொன்னா ஒற்றன் வேலை பாக்கறியா?" என்றாள் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்திருக்க வேண்டும். "கண்ணு போறது யாருக்கும் வர்றதுதான்டா. சொன்னா கையப் புடிச்சிக் கூட்டிகினு போறேன். இவள ஏன்டா இழுத்த?"

 

"வசந்தா, எத்தன தடவ போன் பண்ண நீ. ஒருவாட்டிகூட எடுக்கல நானு" என்றாள் அக்கா. குரல் முதல்முறையாகக் கம்மியாக இருந்தது.

"உள்ள வாங்க அண்ணி. நல்ல நேரம் போயிடும்" என்றாள் வசந்தா. "அவரு இங்கயே நிக்கட்டும்."

இருவரும் உள்ளே போய்விட்டார்கள். கைபேசியை அக்கா என் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தாள். கருவியை மறுபடி இயக்கிக் காதில் மாட்டிக்கொண்டேன். நித்யா அழைப்பைத் துண்டிக்கவில்லை. சந்தனத் தட்டு நகரும் ஓசை, பெண்களின் பேச்சு. அக்கா, "கையைத் தளர்த்தி வைடி" என்றாள். பிறகு கண்ணாடி வளையல் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, மெல்ல மோதும் சத்தம். வாசலில் நின்று கேட்டேன். அதற்குள் வந்த யார் யாரையோ நான் வரவேற்கவில்லை. அவர்களிடம் "கண் தெரியலைங்க, யாருங்க நீங்க?" என்று கேட்டேன். சொன்னார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

இலை

பந்தியில் எனக்கு இடப்பக்கம் அக்கா உட்கார்ந்தாள். எதிரே நின்று வசந்தாவே பரிமாறினாள். என்னிடம் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இலையைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு எந்த மணியில் எது இருக்கிறது என்று சொல்வது பெட்டியோடு நித்யா கற்றுக்கொடுத்த முறை. வசந்தா குனிந்து சாதாரணமான குரலில் சொன்னாள்.

"ஆறு மணியில தயிர் சாதம். ஒன்பதுல புளியோதரை. பன்னெண்டுல எலுமிச்சை. மூணு மணியில சர்க்கரைப் பொங்கல், முந்திரி ஜாஸ்தியா போட்டு வச்சிருக்கேன். முதல்ல இனிப்புச் சாப்பிடுங்க."

பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் மூன்று மணியில் இருந்ததை மொத்தமாக வழித்து வாயில் போட்டேன்.

நார்த்தங்காய் ஊறுகாய். கரண்டி நிறைய.

கண்ணில் நீர் கொட்டியது. காது அடைத்தது. துப்பவில்லை. அக்காவும் வசந்தாவும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது எந்தப் பார்வையும் இல்லாமலே எனக்குத் தெரிந்தது. மென்று, விழுங்கினேன்.

அக்காதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். அப்புறம் வசந்தா. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, இலைகளுக்கு நடுவே தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டு, பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்கள்.

"பொங்கல் எப்படி இருக்குது?" என்றாள் வசந்தா, மூச்சு வாங்கியபடி.

"நல்லா இருக்குது."

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"வை" என்றேன்.